புது அந்துப்பூச்சி என்று எப்போது சொல்லலாம்? மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். மாரி தொடங்கியதும் வளவு மதிலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, முன்னால் மின்குமிழைத் தொங்கவிட்டு, வந்து குந்தும் அந்துப்பூச்சிகளைப் பார்ப்பது பல வருடப் பழக்கம். அது தெரிந்த பிள்ளைகளும் பெற்றோரும் வயல் செய்யும் அண்ணன்மாரும் படம் அனுப்பிக் கேள்வி கேட்பார்கள். திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

அந்து, விட்டில், வண்ணத்துப்பூச்சி எல்லாம் ஒன்றா, வேறா?

நெல் மூட்டையை அவிழ்த்தால் முகத்தில் வந்து மோதும் சின்னப் பூச்சியை ஊரில் அந்து என்பார்கள். விளக்கைச் சுற்றி விழுவது விட்டில். விஞ்ஞானத்தில் இரண்டும் ஒரே கூட்டம்தான். தொட்டால் விரலில் தூளாக ஒட்டுகிறதே, அது சிறகின் செதில். செதிற் சிறகு உள்ளதால் அந்துப்பூச்சிகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் லெபிடொப்டெரா என்ற ஒரே வருணத்தில், அதாவது ஒரே வகைப்பாட்டுப் பிரிவில், வைத்திருக்கிறார்கள்.

உலகில் இதுவரை பெயர் பெற்ற லெபிடொப்டெரா இனங்கள் ஏறக்குறைய 160,000. அவற்றில் வண்ணத்துப்பூச்சிகள் 18,000 அளவில்தான் வரும். மீதி எல்லாம் அந்துப்பூச்சிகள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வண்ணத்துப்பூச்சிகள் தனியாக முளைத்த மரமல்ல, அந்துப்பூச்சி என்ற பெரிய ஆலமரத்தின் ஒரு கிளை. அந்தக் கிளை பகலில் பறக்கிறது, பளிச்சென்று இருக்கிறது. அதனால் மனிதர் அதற்குத் தனிப்பெயர் வைத்துவிட்டார்கள்.

உணர்கொம்பைப் பாருங்கள். நுனி குண்டாக, தீக்குச்சி போல இருந்தால் பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சி. நூல் போலவோ இறகு போலவோ இருந்தால் அந்துப்பூச்சி. பகலில் பறக்கும் அந்துகளும் உண்டு என்பதால் நேரத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது.

நான் எடுத்த படத்தில் உள்ள பூச்சி இணையத்தில் எங்கேயும் இல்லை. புது இனமா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். கேட்கும் பிள்ளையின் குரலில் இருக்கும் ஆசையை நன்றாக அறிவேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

‘புதுசு’ என்பதில் நான்கு படி இருக்கிறது. முதலாவது, உங்களுக்குப் புதுசு. இரண்டாவது, மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இதுவரை யாரும் பதியாதது. மூன்றாவது, இந்தியாவிலோ மலேசியாவிலோ தெரிந்த இனம், இலங்கையில் முதற்தடவையாகக் கிடைத்தது. நான்காவதுதான் விஞ்ஞானத்துக்கே புதுசு, அதாவது உலகில் யாரும் பெயரிட்டு எழுதாத இனம். நமக்கு வரும் படங்களில் அநேகமானவை முதற்படியில் நிற்கும். இரண்டாம் படியை எட்டுகிறவை நாம் நினைப்பதைவிட அதிகம். அதைச் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம். இடமும் திகதியும் சரியாக எழுதப்பட்ட மாவட்டப் பதிவு ஆய்வாளருக்குத் தங்கம்.

நான்காம் படி ஏன் இவ்வளவு கடினம்? இணையத்தில் படம் இல்லை என்றால் இனம் அறியப்படவில்லை என்று ஆகாது. 1800களில் இரண்டே வரி விவரணத்தோடு பெயர் பெற்று, லண்டன் நூதனசாலை இழுப்பறையில் ஊசியில் குத்தியபடி, உயிரோடு ஒரு படம்கூட இல்லாமல் இருக்கும் அந்துப்பூச்சிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. உங்கள் மதிலில் குந்தியது அவற்றில் ஒன்றாக இருக்கலாம். அது புது இனம் என்று சொல்ல வேண்டுமென்றால், அந்தச் சாதியில், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டத்தில், உலகில் எத்தனை இனம் உண்டோ அத்தனையோடும் ஒப்பிட்டு, எதுவும் இல்லை என்று காட்ட வேண்டும். விளக்கடியில் பூச்சி கிடைக்கும், புது இனம் கிடைப்பது ஒப்பிடும் மேசையில்தான்.

சாதி, இனம் என்கிறீர்கள். சிலர் பேரினம், சிற்றினம் என்கிறார்களே?

ஒன்றேதான். நம் பாடத்திட்டத்தில் இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று படிக்கிறோம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் சாதிக்குப் பேரினம், இனத்துக்குச் சிற்றினம்.

வெள்ளைக்காரர் காலத்திலேயே இலங்கைப் பூச்சிகளை எல்லாம் எழுதி முடித்துவிட்டார்களே?

நிறைய எழுதினார்கள், உண்மை. பிரெடெரிக் மூர் 1880 முதல் 1887 வரை இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் பற்றி மூன்று பெரிய தொகுதிகள் வெளியிட்டார். அதற்கான படங்கள் பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குப் பொறுப்பாயிருந்த துவைற்ஸ் என்பவரின் மேற்பார்வையில் டி அல்விஸ் குடும்பத்தார் வரைந்தவை. வில்லியம், ஜோர்ஜ் என்ற அந்த இலங்கை ஓவியர்களின் கை இன்றைக்கும் வியக்க வைக்கிறது. பின்னர் ஹாம்ப்சன் என்ற பூச்சியியலாளர் வந்தார். அதற்கும் பின் எட்வர்ட் மெய்ரிக்.

மெய்ரிக்கைப் பற்றி மாணவர்களுக்கு விருப்பத்தோடு சொல்வேன், ஏனென்றால் அவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். இங்கிலாந்தில் மார்ல்பரோ என்ற ஊரில் படிப்பித்துக்கொண்டே, உலகின் பல பக்கமிருந்தும் தபாலில் வந்த சின்னஞ்சிறு அந்துகளைப் பார்த்து 14,000க்கும் மேற்பட்ட புது இனங்களுக்குப் பெயர் வைத்தார். இலங்கையிலிருந்து போனவையும் அதில் ஏராளம். ஆனால் அவர் பூச்சியின் வயிற்றைத் திறந்து உள்ளுறுப்புப் பார்க்கும் முறையை ஏற்கவில்லை. சிறகின் நரம்பையும் நிறத்தையும் வைத்தே எழுதினார். அதனால் அவர் ஒரே பெயரில் அடக்கியவற்றுள் இரண்டு, மூன்று இனங்கள் கலந்திருக்கக்கூடும். அவரது மாதிரிகளைத் திரும்ப எடுத்துப் பார்க்கும் வேலை இன்றும் நடக்கிறது.

இன்னொரு விஷயம், எங்கிருந்து சேர்த்தார்கள் என்பது. அந்தப் பழைய எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் ஊர்ப்பெயர்கள் பேராதனை, புண்டலுஓயா, மஸ்கெலியா. தோட்டத்துரைமாரும் பூங்கா அதிகாரிகளும் இருந்த இடங்கள். வாகரைக் காடு, உன்னிச்சைக் குளத்தடி, லாகுகல, கல்லோயாவின் சேனநாயக்க சமுத்திரக் கரை, நம் வாவியோரக் கண்டற்காடு இவையெல்லாம் அந்த அளவுக்குத் தேடப்படவில்லை. நமது உலர்வலயக் காட்டுக்கு மலைநாட்டுப் பட்டியலை அப்படியே பொருத்த முடியாது. கிழக்கில் ஒரு மதிலில் ஒழுங்காகப் பத்து மாரி விளக்கு வைத்தாலே புதிய செய்தி கிடைக்கும் என்று நம்புகிறேன்.

சரி, ஒரு பூச்சி உண்மையிலேயே புதுசு என்று வைத்துக்கொள்வோம். ‘விவரித்தல்’ என்றால் என்ன செய்கிறார்கள்?

விலங்குகளுக்குப் பெயரிட உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு சட்டக்கோவை இருக்கிறது: சர்வதேச விலங்கியற் பெயரீட்டுக் கோவை. தொடக்கப் புள்ளி 1758, சுவீடன் விஞ்ஞானி லின்னேயஸின் பெயரீட்டு நூலின் பத்தாம் பதிப்பு. இப்போது நடைமுறையில் உள்ளது நான்காம் பதிப்பு. 2000 சனவரி 1 முதல் செல்லுபடியாகிறது.

அதன்படி ஒருவர் ஆய்விதழில் கட்டுரை வெளியிட வேண்டும். இது புது இனம் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். மற்ற இனங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று சொற்களில் சொல்ல வேண்டும், படம் மட்டும் போதாது. பெயர் இலத்தீன் எழுத்தில், சாதி, இனம் என்ற இருசொற் பெயராக இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம், ஒரேயொரு மாதிரியைத் தெரிந்து ‘இந்தப் பெயருக்கு உரியது இந்தப் பூச்சி’ என்று நிறுத்த வேண்டும். அதை ஹோலோடைப் என்பார்கள், தமிழில் மூலமாதிரி எனலாம். அது எந்த நூதனசாலையில் வைக்கப்படுகிறது என்பதையும் எழுத வேண்டும். இணையத்தில் மட்டும் வரும் இதழாக இருந்தால், 2012இல் வந்த திருத்தத்தின்படி சூபேங்க் என்ற பதிவேட்டிலும் பதிந்திருக்க வேண்டும்.

மூலமாதிரி ஏன் அவ்வளவு முக்கியம் என்று ஒரு மாணவி கேட்டார். கடையில் இருக்கும் படிக்கல்லை நினைத்துப் பாருங்கள் என்றேன். சந்தேகம் வந்தால் எந்தக் கல்லோடு நிறுப்பது என்று ஒரு கல் இருக்க வேண்டும். நூறு வருடம் கழித்து யாராவது, ‘அந்த ஆசிரியர் இரண்டு இனத்தைக் குழப்பிவிட்டார்’ என்று கண்டாலும், பெயர் அந்த ஒரு பூச்சியோடுதான் போகும்.

கட்டுரையில் என்னென்ன இருக்கும்?

சிறகை விரித்த நீளம், தலை, உணர்கொம்பு, நெஞ்சு, முன்சிறகு, பின்சிறகு, வயிறு என்று ஒவ்வொன்றாக. பிறகு இனப்பெருக்க உறுப்பின் படங்கள். கிட்டிய இனங்களிலிருந்து வேறுபாடு. கிடைத்த இடம், உயரம், திகதி, சேர்த்தவர். தெரிந்தால் புழு தின்னும் தாவரம். பெயருக்கான காரணம். பெரும்பாலும் அந்தச் சாதிக்கு ஒரு இணைக்கவர்ச் சுட்டியும், அதாவது இரண்டிரண்டாகப் பிரித்து இனத்தை அடையாளம் காணும் பட்டியலும், இருக்கும். உயர்தரத்தில் அலுப்பாகத் தோன்றும் அந்தப் பாடம் இங்கேதான் உயிர் பெறுகிறது.

பூச்சியைக் கொல்லத்தான் வேண்டுமா? படம் போதாதா?

கேட்க வேண்டிய கேள்வி. எனக்கும் ஒவ்வொரு முறையும் மனம் தயங்கும்.

2015இல் தென்னாபிரிக்காவில் ஒரு ஈயை, மாதிரி எதுவும் வைக்காமல், படங்களை மட்டும் ஆதாரமாகக் காட்டிப் புது இனமாக எழுதினார்கள். பெரிய வாதம் கிளம்பியது. கோவை அதை முழுதாகத் தடுக்கவில்லை. ஆனாலும் உயிரினங்களை வகைப்படுத்தும் பாகுபாட்டியலாளர் பெரும்பாலானோர் அதை விரும்பவில்லை. அந்துப்பூச்சியில் இது இன்னும் சிக்கல். அச்சில் வார்த்தது போல ஒரே சிறகோடு இரண்டு இனங்கள் இருக்கும். அதேபோல ஒரே இனம் மாரியில் ஒரு நிறம், கோடையில் ஒரு நிறம் காட்டும். வித்தியாசம் வயிற்றுக்குள் இருக்கும்போது படம் என்ன செய்யும்?

என் நிலைப்பாடு இது: பொழுதுபோக்குக்குப் பார்க்கிறவர் படம் எடுத்து விட்டுவிட வேண்டும். ஆய்வாளர் ஒருவர் கேட்டால், அனுமதியோடு, தேவையான சிலவற்றை மட்டும் எடுக்கலாம். எடுத்த ஒன்று பூஞ்சணம் பிடித்துப் பெட்டியில் வீணாகுமென்றால் எடுக்கவே கூடாது. நம் உப்புக்காற்றில் அது எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்பது கல்லடிப் பக்கம் வீடுள்ள எவருக்கும் தெரியும். எறும்பும் விடாது.

வயிற்றை ஏன் திறக்கிறார்கள்?

அந்துப்பூச்சியின் இனப்பெருக்க உறுப்பு, பூச்சியின் புறவோட்டில் உள்ள கெட்டியான கைற்றின் என்ற பொருளால் ஆனது. இனத்துக்கு இனம் அதன் வடிவம் மாறும்: ஆணுக்குக் கவ்விப் பிடிக்கும் இரு மடல்கள், மேலே ஒரு கொக்கி, பெண்ணுக்கு உள்ளே ஒரு பை, சிலவற்றில் அந்தப் பையில் முள் போன்ற அடையாளம். பூட்டுக்குச் சாவி போல என்று முன்பு விளக்கினார்கள். அந்த விளக்கம் எல்லா இடத்திலும் பொருந்தாது. ஆனாலும் கிட்டிய இனங்களைப் பிரிக்க இதைவிட நம்பகமான வெளியடையாளம் அரிது.

முறை கடினமல்ல, பொறுமைதான் வேண்டும். வயிற்றுப் பகுதியைக் கழற்றி, 10 சதவீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் ஊறவிடுவார்கள். தசையும் கொழுப்பும் கரைந்துபோகும், கைற்றின் நிற்கும். மெல்லிய தூரிகையால் செதில்களைத் தட்டி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் பதிப்பார்கள். அந்தத் தகட்டுக்கும் ஊசியில் உள்ள பூச்சிக்கும் ஒரே இலக்கம் எழுத வேண்டும். இலக்கம் மாறினால் அன்றைய வேலை முழுவதும் பயனில்லை. அந்தக் கரைசல் தோலையும் கண்ணையும் எரிக்கும் காரம், பிள்ளைகள் வீட்டில் செய்ய வேண்டாம்.

டி.என்.ஏ. பார்த்தால் உடனே தெரிந்துவிடாதா?

உதவும், தனியே தீர்ப்புச் சொல்லாது. 2003இல் போல் ஹீபர்ட் குழுவினர் முன்வைத்த டி.என்.ஏ. பார்கோட் முறையில், கலத்தினுள் இருக்கும் இழைமணியில் (மைட்டோகொண்ட்ரியா) உள்ள ஒரு பரம்பரை அலகின் 658 எழுத்து நீளமான துண்டை வாசித்து ஒப்பிடுகிறார்கள். பூச்சியின் ஒரு கால் போதும். 2004இல் கொஸ்டாரிக்காவில் ஒரே இனம் என்று நினைத்திருந்த ஒரு வண்ணத்துப்பூச்சியில் பத்து இனங்கள் ஒளிந்திருப்பதாக இந்த முறை காட்டியது. புழுக்களின் நிறமும் தின்னும் தாவரமும்கூட அதற்கு ஒத்துப்போயின. எண்ணிக்கை பத்துத்தானா என்பதில் பிறகு வாதம் எழுந்தது. ஒன்றல்ல என்பது உறுதி.

சிக்கல் எங்கே என்றால், இழைமணி தாய்வழியாக மட்டும் வருகிறது. வொல்பாக்கியா என்ற பற்றீரியா பூச்சிக் குடித்தொகைக்குள் பரவினால் அதோடு ஒரு தாய்வழியும் சேர்ந்து பரவி, கணக்கைக் குழப்பும். அதனால் நல்ல கட்டுரையில் சிறகு, உறுப்பு, டி.என்.ஏ., முடிந்தால் புழு என எல்லாம் ஒரே பக்கம் கை காட்டும்.

எந்தக் குடும்பம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

சிறகு நரம்புகளின் ஓட்டம், வாயுறுப்பு, புழுவின் கால்கள், இப்போது டி.என்.ஏ. எனப் பல. எனக்குப் பிடித்த அடையாளம் காது. வௌவாலின் கூர்ந்த ஒலியைக் கேட்க அநேக அந்துகளுக்குக் காது உண்டு, தலையில் அல்ல. எரெபிடே, நொக்டுயிடே போன்ற குடும்பங்களுக்கு நெஞ்சின் பின்பகுதியில். சாண் போட்டு நடக்கும் புழுக்களின் ஜியோமெட்ரிடே குடும்பத்துக்கு வயிற்றின் அடியில். நம் வயலில் நெல்லைத் துளைக்கும் குருத்துப்புழுவின் அந்துக்கும் இலைச்சுருட்டியின் அந்துக்கும்கூட வயிற்றில்தான் காது. காது எங்கே என்று பார்த்தாலே பாதித் தூரம் வந்துவிடலாம்.

பாகுபாடு மாறிக்கொண்டே இருக்கிறதே, ஏன்?

புதிய ஆதாரம் வரும்போது உறவுமுறை திருந்துகிறது. உதாரணத்துக்கு, நான் படித்த காலத்துப் புத்தகங்களில் ஆர்க்டியிடே, லைமன்ட்ரியிடே என்று இரண்டு குடும்பங்கள் இருந்தன. மயிர்க்கொட்டிகள் பல அதில்தான் வரும். 2011, 2012இல் வந்த மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு இரண்டும் எரெபிடே என்ற பெருங்குடும்பத்துக்குள் உபகுடும்பங்களாகிவிட்டன. பூச்சி மாறவில்லை, அதன் சொந்தக்காரர் யாரென்று நமக்கு இப்போது கூடுதலாகத் தெரிகிறது.

மடகாஸ்கரில் ஒரு அழகான கதை உண்டு. அங்குள்ள ஓர் ஓர்க்கிட் பூவின் தேன்குழாய் ஏறக்குறைய ஒரு அடி நீளம். இவ்வளவு நீளமான உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சி ஒன்று அங்கே இருக்கத்தான் வேண்டும் என்று டார்வின் 1862இல் எழுதினார். 1903இல் றொத்ஸ்சைல்ட், ஜோர்டன் என்ற இரு பூச்சியியலாளர் அப்படிப்பட்ட ஒன்றை விவரித்தார்கள். ஆனால் ஆபிரிக்க இனமொன்றின் உபஇனமாக மட்டும். பெயர் பிரெடிக்டா, முன்கூட்டிச் சொல்லப்பட்டது என்று பொருள். 2021இல்தான் உருவத்தையும் டி.என்.ஏ.யையும் ஒப்பிட்டு அதைத் தனி இனமாக உயர்த்தினார்கள். ‘புது இனம்’ என்பது காட்டில் புதிதாகப் பிடித்ததாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பழைய பெட்டியைத் திரும்பத் திறப்பதாலும் இனம் பிறக்கும்.

விஞ்ஞானப் பெயருக்குப் பின்னால் வரும் ஆளின் பெயரும் வருடமும் என்ன? சிலவற்றில் அடைப்புக்குறி வேறு இருக்கிறதே?

முதலில் விவரித்தவரும் வெளியிட்ட வருடமும். அலரி மரத்தில் வளரும் பச்சைப் பருந்தந்துவை டாப்னிஸ் நேரியை (லின்னேயஸ், 1758) என்று எழுதுகிறோம். லின்னேயஸ் அதை ஸ்பிங்ஸ் என்ற சாதியில் வைத்தார், பின்னர் வேறு சாதிக்கு மாற்றினார்கள். அடைப்புக்குறி அதற்கான அடையாளம். நம் பெரிய அட்டகஸ் தப்ரொபானிஸ் மூர், 1882 என்பதில் அடைப்புக்குறி இல்லை, அது வைத்த சாதியிலேயே நிற்கிறது. தப்ரொபானிஸ் என்பது இலங்கையின் பழைய கிரேக்கப் பெயரான தப்ரொபேனிலிருந்து வந்தது. வளர்ந்த பூச்சி எதையும் தின்னாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்தே இணைந்து, முட்டையிட்டு, முடிந்துவிடும்.

என் அம்மாவின் பெயரை வைக்கலாமா? ஊர்ப் பெயரை?

விவரிக்கிறவர் நீங்களானால், தாராளமாக. பெண் பெயரானால் முடிவில் ‘ஏ’ என்று ஒலிக்கும் விகுதி, ஆண் பெயரானால் ‘ஐ’, ஊரானால் பெரும்பாலும் ‘என்சிஸ்’. தமிழ்ச் சொல்லையும் இலத்தீன் எழுத்தில் எழுதிப் பயன்படுத்தலாம், கோவை தடுக்கவில்லை. அமெரிக்காவில் வாழும் ஒரு சின்ன அந்துக்கு 2017இல் அந்நாட்டு ஜனாதிபதியாகத் தெரிவாகியிருந்தவரின் பெயரையே வைத்தார்கள், தலையில் உள்ள மஞ்சட் செதில்களைப் பார்த்து. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது மட்டும் வழக்கமில்லை. ஒருமுறை முறைப்படி வெளியான பெயரை, பிடிக்கவில்லை என்று மாற்ற முடியாது. அதே பூச்சிக்கு முன்பே வேறொருவர் பெயர் வைத்திருந்தால், பழைய பெயரே நிலைக்கும்.

எனக்குக் கேட்டால் ஊர்ப் பெயரே அழகு. பூச்சி எங்கே வாழ்கிறது என்று பெயரே சொல்லிவிடும்.

வயல் செய்கிறவனுக்கு இதனால் என்ன பயன்?

2018ஐ நினைத்துப் பாருங்கள் அண்ணன். அம்பாறை உட்படப் பல மாவட்டங்களில் சோளத்தைச் சேனா படைப்புழு தின்று தீர்த்தது. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2016இல் ஆபிரிக்காவில் தெரிந்தது, 2018இல் இந்தியாவுக்கும் நமக்கும் வந்தது. அதன் விஞ்ஞானப் பெயர் ஸ்பொடொப்டெரா புருஜிபெர்டா, 1797இல் பெயர் வைக்கப்பட்டது. பூச்சி இன்னதென்று சரியாக அறிந்தவுடன், அமெரிக்காவில் அதைப் பற்றி இருநூறு வருடமாகச் சேர்ந்த அறிவு முழுவதும் நம் கைக்கு வந்துவிடுகிறது. இதே சாதியைச் சேர்ந்த, நெல்லையும் மரக்கறியையும் தின்னும் வேறு புழுக்கள் நம்மிடம் முன்பிருந்தே உண்டு. அவற்றோடு குழப்பினால் தவறான மருந்து, வீண் செலவு. முகத்தில் தலைகீழான ‘வை’ எழுத்துப் போன்ற வெள்ளைக் கோடு, வால் பக்கத்துக்கு முந்திய வளையத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளி: இந்த இரண்டும் இருந்தால் சேனா.

பெயர் மாறுவதிலும் கவனம் தேவை. நெல்லின் மஞ்சள் தண்டுதுளைப்பானை இன்று ஸ்கிர்பொபாகா இன்சேர்டுலாஸ் என்கிறோம். பழைய விவசாய அறிக்கைகளில் அது ஷோனோபியஸ் என்றும் டிரைபொரைசா என்றும் இருக்கும். இது தெரியாமல் தேடினால் பாதி அறிவு கண்ணில் படாது.

பெரிய அந்து வீட்டுக்குள் வந்தால் சாவு வரும் என்கிறார்களே?

இல்லை. முதுகில் மண்டையோடு போல அடையாளமுள்ள பருந்தந்து எள்ளுச் சேனைப் பக்கம் வரும், தேன்கூட்டில் தேனும் குடிக்கும், பிடித்தால் கீச்சென்று கத்தும். அதற்குப் பெயர் வைத்தவர்களே கிரேக்கப் புராணத்துச் சாவுப் பெயர்களாகத் தேடி ஸ்டிக்ஸ், லாகெசிஸ் என்று வைத்துவிட்டார்கள். கடிக்காது, கொட்டாது. கதவைத் திறந்து, விளக்கை அணைத்தால் போய்விடும்.

இங்கே எங்கே, எப்போது பார்க்கலாம்? அனுமதி வேண்டுமா?

ஒக்டோபர் முதல் மழைக்குப் பிறகு, அமாவாசைக்குக் கிட்டிய, காற்றில்லாத, புழுக்கமான இரவு. நிலவு வெளிச்சத்தில் வரவு குறையும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் துணியே நிற்காது. சூடான மின்குமிழில் மழைத்துளி பட்டால் வெடிக்கும், மேலே ஒரு மறைப்புப் போடுங்கள். புற ஊதா விளக்கை நேரே பார்க்க வேண்டாம்.

சொந்த வளவில் துணி கட்டிப் படமெடுத்து விட்டுவிடுவதே தொடங்க நல்ல வழி. கல்லோயா, லாகுகல, குமண போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் எதையும் எடுக்க முடியாது. ஆய்வென்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் அப்படியே. அனுமதியில்லாமல் சேர்த்ததை நல்ல இதழ்கள் ஏற்பதில்லை. வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் இரவில் யானை நடமாட்டம் இருக்கும். காட்டோரத்தில் தனியாக விளக்கு வைத்துக் குந்தாதீர்கள்.

உதவி கேட்க வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமும் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க மாதிரிகள் கொழும்பு தேசிய நூதனசாலையில் உண்டு.

கண்டெடுத்ததிலிருந்து பெயர் வர எவ்வளவு காலம்?

2012இல் வந்த ஓர் ஆய்வு, எல்லா உயிர்களையும் சேர்த்துப் பார்த்து, மாதிரி சேர்த்த நாளிலிருந்து புது இனமாக வெளிவரும் வரை சராசரியாக 21 வருடம் ஆகிறது என்று கணக்கிட்டது. ஆள் பற்றாக்குறைதான் முதற்காரணம். பாகுபாட்டியல் படிக்கும் பிள்ளைகள் குறைவு. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஆசையிருந்தால் தடுக்காதீர்கள்.

என் மகளுக்கு வயது பதினொன்று. எங்கே தொடங்குவது?

புழுவில் தொடங்கச் சொல்லுங்கள். அலரி, நந்தியாவட்டை இலைகளின் அடியில் விரல் தடிப்பில் பச்சைப் புழு இருக்கும், தலைப்பக்கத்தில் இரண்டு நீலக் கண்கள் போன்ற அடையாளத்தோடு. மயிர் உள்ள புழுக்களை, முருங்கையில் கூட்டமாக இருக்கிறதே அதைப்போல, கையால் தொட விடாதீர்கள், சொறியும். பச்சைப் புழுவை அதே மரத்தின் இலையோடு, காற்றுப் போகும் ஒரு போத்தலில் வைத்து, தினமும் புது இலை போட வேண்டும். புழு நிறம் மாறி அலையத் தொடங்கினால், அடியில் கொஞ்சம் காய்ந்த சருகு போட்டுவிடுங்கள், கூட்டுப்புழுவாகும். அலரிப் பால் நஞ்சு, கை கழுவுவதை மட்டும் மறக்கக் கூடாது.

ஒரு கொப்பி கொடுங்கள். முட்டையோ புழுவோ கிடைத்த திகதி, ஊர், வளவு, எந்த மரம், எத்தனையாம் நாள் தோலுரித்தது, எப்போது அந்து வெளிவந்தது, எல்லாவற்றையும் பென்சிலால் எழுதட்டும். பேனை மை நம்மூர் ஈரத்தில் பரவிவிடும். ‘மட்டக்களப்பு’ என்று மட்டும் எழுதாமல் ‘மட்டக்களப்பு, வாகரை, வீட்டு வளவு, நந்தியாவட்டை இலையடி’ என்று எழுதப் பழக்குங்கள். வெளிவந்த அந்து சிறகு காய்ந்து நிற்கும் ஒரு மணித்தியாலம்தான் படமெடுக்க நல்ல நேரம். மேற்பக்கம், அடிப்பக்கம், பக்கவாட்டு என மூன்று படமாவது எடுக்கட்டும். பிறகு இருட்டியதும் அதே மரத்தடியில் விட்டுவிடுங்கள்.